பின்னாடி காலியா வருது

இங்கே பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது. நிறுத்தத்தில் நிற்கும்போதே கைபேசி காட்டிவிடும்: இன்னும் 4 நிமிடம், அதற்கடுத்தது 11. உள்ளே உட்கார இடம் உண்டா, நிற்க வேண்டுமா என்பதைக்கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பில் தெரிந்துகொள்ளலாம். நடைபாதையை ஒட்டி வந்து நிற்கிறது வண்டி. கதவு திறக்கிறது. அட்டையைக் காட்டினால் சின்னதாக ஓர் ஒலி. மாடிக்குப் போனால் முன்வரிசைக் கண்ணாடி ஓரம், குளிர்ந்த காற்று, குலுங்காத சாலை. சிங்கப்பூருக்கு வந்த பிறகு பஸ்ஸுக்காக நான் ஓடியதே இல்லை. ஓட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஓட வேண்டும் போல இருக்கிறது.

சென்னையில், லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கும் 29சியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்று, "அம்மா வராங்க சார், ஒரே நிமிஷம்" என்று கண்டக்டரைக் கெஞ்ச வேண்டும். அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே விசிலை வாயிலிருந்து எடுப்பார். அம்மா மூச்சு வாங்க வந்து கம்பியைப் பிடிக்கிறவரை எடுத்த விசில் எடுத்தபடியே இருக்கும். அப்புறம்தான் அந்த ரெண்டு ஊதல்.

எனக்கு முதலில் போனது அந்தச் சத்தம்தான். நீங்களும் ஊரை விட்டு வந்தவர் என்றால் இந்த இடத்தில் உங்கள் காதுக்குள் ஒன்று கேட்டிருக்கும். நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு. சிலர் நீட்டி ஊதுவார்கள். சிலர் வெட்டி வெட்டி. விசிலே வைத்துக்கொள்ளாமல், ஐம்பது பைசாவால் கம்பியைத் தட்டியே வண்டியை நடத்துகிறவர்களும் உண்டு. மந்தைவெளியில் எங்கள் வீடு டெப்போவிலிருந்து கூப்பிடு தூரம். ராத்திரி கடைசி வண்டி உள்ளே திரும்புகிற சத்தம் கேட்டுத்தான் அப்பா வாசல் விளக்கை அணைப்பார். விடியும் முன்னே ஏதோ ஒரு வண்டி எஞ்சினைப் போட்டுவிட்டு உறுமிக்கொண்டே நிற்கும். அந்த உறுமலுக்கு எழுந்து அம்மா பால் வாங்கப் போவாள். எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரம் இருந்ததில்லை. இப்போது படுக்கைக்குப் பக்கத்தில் கைபேசி இருக்கிறது. பறவைக் குரல், அருவிச் சத்தம், வீணை என்று எதில் எழுந்திருக்க விருப்பம் என்று அது கேட்கிறது. லேலண்டு எஞ்சின் அந்தப் பட்டியலில் இல்லை.

பல்லவன் என்றுதான் வீட்டில் சொல்வோம். 1972-ல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகம் பின்னால் மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. அம்மாவுக்குக் கடைசிவரை பல்லவன்தான். "பல்லவன்ல போய்டலாம், எதுக்கு ஆட்டோ?"

கூட்ட நேரத்தில் கண்டக்டர் நம்மிடம் வரமாட்டார். பின்வாசல் பக்கம் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார், காசுதான் அவரிடம் போகும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். நாங்கள் அப்படியே வளர்ந்தோம். முன்வாசலில் ஏறி, எதிரே நிற்பவரின் தோளை லேசாகத் தொட்டு, "ஒரு ஸ்டெல்லா மேரிஸ்" என்று நோட்டை நீட்டுவேன். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். அங்கிருந்து கம்பியைப் பிடித்திருந்த ஒரு கைக்கு. அங்கிருந்து தூங்கி விழுந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு. அவர் விழித்து, வாங்கி, கொடுத்துவிட்டு மறுபடி தூங்குவார். "ஒரு ஸ்டெல்லா", "ஸ்டெல்லா ஒண்ணு" என்று ஆண் குரலிலும் பெண் குரலிலும் என் சொல் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், கேட்காமல் போகிற வரைக்கும். கொஞ்ச நேரத்தில் அதே வழியாக டிக்கெட் திரும்பி வரும். மெல்லிய தாள், அதற்குள் சில்லறையை வைத்து மடித்திருக்கும். காசு வந்து சேரும்போது சூடாக இருக்கும். அத்தனை பேர் உள்ளங்கைச் சூடு. மீன் விற்கிற அம்மா, பேங்க் வேலைக்காரர், டுடோரியல் போகிற பையன், யார் யாரோ. ஒரு பைசா வழியில் நின்றதில்லை.

சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவார் கண்டக்டர். இறங்குகிற வரைக்கும் மனசு அந்தத் தாளிலேயே இருக்கும். டிக்கெட்டைச் சுருட்டி வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொள்வோம். வளையல் போட்டவர்கள் வளையலுக்குள். என் பழைய வாட்ச்சின் பட்டைக்கு அடியில் மணிக்கட்டில் ஒரு வெளுத்த கோடு இருந்தது. அதுவும் இப்போது இல்லை.

இன்னொன்று, மடி. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி வைத்துக்கொள்வார். கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்வதும் வழக்கமில்லை. பையின் பட்டையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். இடது பக்கம் பெண்கள் சீட் வரிசை முழுக்க, ஒவ்வொரு மடியிலும் இரண்டு மூன்று பை அடுக்கியிருக்கும். என் சாப்பாட்டு டப்பா எத்தனையோ பேர் மடியில் போயிருக்கிறது. ஒருநாள் குழம்பு கசிந்துவிட்டது. நல்ல புடவை, ஏதோ விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். நான் அழுதேவிட்டேன். அவர் என் கைக்குட்டையாலேயே துடைத்துக்கொண்டு, "தோச்சா போயிடும், விடு கண்ணு. மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டார். பெயர் தெரியாது. அவர் ராயப்பேட்டையில் வேறு வண்டி மாற வேண்டியவர் என்பது மட்டும் ஞாபகம். இங்கே என் பை என் காலடியில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.

எங்களுக்கு ஊர் நம்பராகத்தான் மனசில் பதிந்திருந்தது. தி.நகர் சித்தி 12பி. அப்பா ஆபீஸ் 21. பெரம்பூர் மாமா 29சியின் அந்தக் கடைசி, எலியட்ஸ் பீச் இந்தக் கடைசி. மாமாவைப் பார்க்கப் போகிறோமா, கடலைப் பார்க்கப் போகிறோமா என்பது ரோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் மண்டபத்துக்கு வரும் பஸ் நம்பர்களை அச்சடித்திருப்பார்கள். மாப்பிள்ளையின் படிப்பைப் பார்க்கும் முன்னே அம்மா அதைத்தான் பார்ப்பாள். நேர் பஸ் உண்டு என்றால் அந்தக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போவோம். ரெண்டு பஸ் மாற வேண்டும் என்றால் அப்பா மட்டும்.

உங்களுக்கும் ஒரு நம்பர் இருக்கும். 23சியோ, 47ஏயோ, 11ஓ. எந்த ஊரில் எந்தப் பில்லில் அந்த எண்ணைப் பார்த்தாலும் ஒரு நொடி தயங்குவீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அப்பாவின் நம்பர் 5பி.

ஆபீஸுக்குப் போன 21 வேறு, அது கடமை. 5பி அவர் ஆசையாக ஏறியது. தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் போக வேண்டுமென்றால் நேர் வழி லஸ்ஸுக்குப் போய் 12பி பிடிப்பது. ஆழ்வார்பேட்டை வழியாகப் பனகல் பார்க் வந்துவிடலாம். அப்பா அதில் கூட்டிப்போகமாட்டார். மயிலாப்பூர் குளம்வரை எங்களை நடத்திக் கூட்டிப்போய், கிளம்புகிற இடத்திலேயே 5பியில் ஏற்றிவிடுவார். அது தெற்கே மந்தைவெளி தாண்டி, அடையாறு போய், மேற்கே திரும்பி, மத்திய கைலாஷ், காந்தி மண்டபம், சின்னமலை, சைதாப்பேட்டை என்று ஊரையே வலம் வந்துதான் தி.நகர் சேரும். அம்மா முணுமுணுப்பாள். அப்பாவிடம் இரண்டு காரணம் இருந்தது. எல்லாருக்கும் உட்கார இடம் கிடைக்கும் என்பது வெளியே சொல்கிற காரணம். "ஒரே டிக்கெட்டுல ஆத்த ரெண்டு தடவ தாண்டலாம்" என்பது எங்களுக்கு மட்டும் சொல்வது. திரு.வி.க. பாலத்தில் ஒரு தடவை, சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் இன்னொரு தடவை. ஒரே ஆறு, அடையாறு. முதல் பாலத்தில் கடலைப் பார்த்து அகண்டு கிடக்கும், இரண்டாவதில் ஒடுங்கிக் கறுத்துப் போயிருக்கும். "அங்க பாத்தோமே, அதுதான் இது" என்பார் ஒவ்வொரு முறையும், முதல் தடவை சொல்கிறவர் போல.

நடுவில் அந்த மரங்கள். சர்தார் பட்டேல் சாலையில் ஒரு பக்கம் கிண்டிக் காட்டின் மதில், மறுபக்கம் அண்ணா பல்கலைக்கழகம். சித்திரை வெயிலிலும் அந்த இடத்தில் வண்டிக்குள் காற்று மாறும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். குழந்தைகள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொள்ளும், மான் தெரியுமா என்று. கொஞ்ச தூரம்தான். சின்னமலை வந்ததும் வெயில் திரும்ப வந்து மடியில் உட்காரும்.

கூட்டமாக வருகிற வண்டியில் அப்பா ஏறமாட்டார். படியில் தொங்கிக்கொண்டு வருகிறதா, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். "விடு. பின்னாடி காலியா வருது." எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் கிடையாது. பல நாள் பின்னால் வருவதும் அதே கூட்டத்தோடு வரும். அதையும் விடுவார். "இதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு." என்றைக்காவது நிஜமாகவே ஒரு வண்டி ஆடிக்கொண்டு காலியாக வந்து நிற்கும். அன்றைக்கு அவர் ஏறுகிற அழகைப் பார்க்க வேண்டும். முதலில் எங்களை ஏற்றி, ஆளுக்கொரு ஜன்னல் பிடித்துக் கொடுத்து, கடைசியில் தான் உட்கார்ந்து, சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றுமே பேசாமல் வருவார். பேச வேண்டிய அவசியம் இல்லை.

அந்தக் குரலைத்தான் கேட்க முடியவில்லை. கைபேசி 4 நிமிடம் என்கிறது. சொன்னபடி வந்துவிடுகிறது. யாரும் என் பக்கத்தில் நின்று, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லி என்னைக் காத்திருக்க வைப்பதில்லை.

29சி நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே தூங்கப் பார்ப்பேன் சில ராத்திரிகளில். பெரம்பூரிலிருந்து வேண்டாம், ஜெமினியிலிருந்து. ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலம், 1973-ல் வந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர், கண்டக்டர் கூப்பிடுவது ஜெமினி. அப்புறம் கதீட்ரல் ரோடு. ஸ்டெல்லா மேரிஸ். அதற்கு எதிரே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல். 2008-ல் மூடினார்கள், 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது, வாசலைக் கடக்கும்போது நெய் வாசனை மட்டும் வருவதில்லை. லஸ். குளம். மந்தைவெளி. சத்யா ஸ்டுடியோ என்று இறங்குவார்கள், அங்கே இருப்பது எம்.ஜி.ஆர். ஜானகி கல்லூரி. ஆந்திர மகிள சபா. பாலம். பெரும்பாலும் பாலத்துக்கு மேல் போவதற்குள் தூங்கிவிடுவேன்.

சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸ் என்று ஒரு பேட்டை இருக்கிறது. பெரிய பஸ் நிலையம், ரயில் நிலையம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர். பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயர் ஒளிர்ந்துகொண்டு வரும்போதெல்லாம் என் மனசு கதீட்ரல் ரோட்டுக்குப் போய், காரின் ஜன்னலில் மாட்டிய தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்புகிறது. ரயில் நிலையங்களில் தமிழ் எழுத்து இருக்கிறது. ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக் கால் வைக்கச் சொல்லி ஒரு பெண் குரல் தமிழிலும் சொல்கிறது. திருத்தமான தமிழ். வந்த புதிதில் அதைக் கேட்டுக் கண் கலங்கினேன். இந்த நாடு எங்கள் மொழியை அங்கே வைத்திருப்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தக் குரல் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. "மஞ்ச பொடவ, உள்ள போம்மா, உள்ள எடம் இருக்கு" என்று என்னைப் பார்த்து அதற்குச் சொல்லத் தெரியாது.

அறிவிப்பே இல்லாத வண்டியில் இறங்குமிடம் எப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். இங்கே பிறந்தவள். உடம்புக்குத் தெரியும் என்றேன். லஸ்ஸில் வண்டி திரும்பும்போது நிற்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள். குளத்தருகே மல்லிகையும் காபிப்பொடி அரைக்கிற வாசனையும் சேர்ந்து ஏறும். பாலத்தில் ஏறும்போது எஞ்சின் குரல் தாழும், ஆற்று வாடை மூக்கில் அடிக்கும், அடுத்த நொடியே கிழக்கிலிருந்து கடல்காற்று வந்து அதைத் தள்ளிவிடும். பிரம்மஞான சபையின் மரங்கள் தெரிந்தால் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு நகர வேண்டும். ஐப்பசி மழையில் ஷட்டரையெல்லாம் படபடவென்று இறக்கிவிடுவார்கள், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஈரத்துணி வாசனையும் இருட்டும். அப்போதும் தெரியும்.

பங்குனியில் மட்டும் எதுவும் தெரியாது. அறுபத்துமூவர் அன்றைக்குக் குளத்தின் பக்கமே வண்டி வராது, எங்கெங்கோ திருப்பிவிடுவார்கள். இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஊரே நடக்கும். வழி நெடுக நீர்மோர், பானகம். கண்டக்டரே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிக்கு எங்கள் பஸ் எதுவும் பிடிக்காது. அவள் ட்ராமுக்காக ஏங்கினாள். 1895-ல் ஓட ஆரம்பித்து, மயிலாப்பூர் வரைக்கும் வந்துபோய்க்கொண்டிருந்து, 1953 ஏப்ரலில் நின்றுபோன ட்ராம். அது அலுங்காமல் போகும் என்பாள், அதன் மணியைச் சொல்வாள், நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

ரயிலைச் சொல்லாமல் விட முடியாது. மாம்பலத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின், அந்த மீட்டர் கேஜ் வண்டி, 1931-லிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடி 2004-ல் ஓய்ந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் அம்மாவின் முந்தானையை விட்டுவிடாமல் படியேறி, மேடைக்கு வந்து நின்றால் முதல்முறையாக மூச்சு வரும். ஹேர்பின், கைக்குட்டை, நறுக்கிய கொய்யாவில் மிளகாய்ப் பொடி. 2023-ல் அந்த ஸ்டேஷனுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஆகாய நடைபாதை போட்டுவிட்டார்கள். நானும் நடந்தேன். கீழே நெரிகிற தெருவை மேலிருந்து பார்த்துக்கொண்டு, யார் மேலும் படாமல்.

பறக்கும் ரயில் திருமயிலைக்கு 1997-ல் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் மேலே தூண் போட்டு, அத்தனை பெரிய கட்டடம், உள்ளே ஆளே இருக்காது. மத்தியானத்தில் படியேறினால் நம் செருப்புச் சத்தம் நமக்கு முன்னால் போகும். பெண்கள் தனியாகப் போகப் பயப்பட்ட இடம், அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் வண்டி கிளம்பி மேலே ஓடத் தொடங்கினால் எங்கள் மயிலாப்பூரையே புதிதாகப் பார்க்கலாம்: மொட்டைமாடி வடாம், தென்னை உச்சி, துணிக்கொடி, கபாலி கோபுரத்தின் முதுகு, கலங்கரை விளக்கம் தாண்டியதும் வீடுகளின் இடுக்கில் ஒரு கீற்று கடல். 2004-ல் அது ஆற்றைத் தாண்டித் திருவான்மியூர் வரை போனபோது நான் ஊரில் இல்லை. கோட்டூர்புரத்துக்கு முன்னால் ரயில் ஆற்றின் மேல் போவதை, விடுமுறைக்கு வந்த விருந்தாளியாகத்தான் பார்த்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார். "இப்ப மூணு வழியா தாண்டலாம்" என்றார்.

2015 டிசம்பரில் அந்த ஆறு பெருகியபோது நான் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால். சைதாப்பேட்டைப் பாலத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி. வீட்டு ஃபோன் எடுக்கவில்லை, கைபேசி எடுக்கவில்லை. லைன் கிடைத்ததும் அப்பா சொன்ன முதல் விஷயம், தண்ணீரைப் பற்றியோ கரண்டைப் பற்றியோ இல்லை. "பஸ் ஓட ஆரம்பிச்சாச்சும்மா. டிக்கெட்டே வாங்கல. எல்லாரையும் சும்மா ஏத்திக்கிட்டுப் போறாங்க." அரசு சில நாள் அப்படி இலவசமாக ஓட்டியது. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது. பஸ் ஓடினால் ஊர் இருக்கிறது.

அம்மா சில்லறைக்காக நடந்தவள். தி.நகரிலிருந்து 12பியில் லஸ்ஸில் வந்து இறங்கினால், அங்கிருந்து வீட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்கலாம். பிடிக்கமாட்டாள். "நாலு எட்டு வெச்சா வீடு" என்று இரண்டு கையிலும் பையோடு நடப்பாள். நான் ப்ளஸ் டூ எழுதும்போது ஹீரோ பேனா வாங்கித் தந்தாள். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கவில்லை. எத்தனை நாள் எத்தனை எட்டு வைத்த காசு என்று பின்னால் தெரிந்தது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது லஸ்ஸில் ஏறினேன். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்த வண்டி. கையில் காசோடு நின்றேன். கண்டக்டர் காசைப் பார்க்காமலே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சுற்றிலும் கூடைக்காரப் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள். அவர்கள் இரண்டு நிறுத்தத்துக்குக்கூட ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், நடக்காமல். இதைவிட நல்ல காரியம் இந்த ஊர் பஸ்ஸில் நடந்ததில்லை என்று நினைக்கிறேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மந்தைவெளி வருவதற்குள் அந்த டிக்கெட் என் கையில் நனைந்துவிட்டது.

அப்பாவுக்குக் கடைசியில் முழங்கால் மடங்கவில்லை. பழைய வண்டியின் முதல் படி அவருக்கு மலை. ஏற முடியாமல் போன பிறகும் சாயங்காலம் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். வெளியூர்க்காரர் யாராவது வந்து வடபழனிக்கு எது, பாரிமுனைக்கு எது என்று கேட்டால் நம்பர் சொல்வார், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்வார், கூட்டமாக வந்தால் ஏற வேண்டாம் என்றும் சொல்வார். அதே வாக்கியம். கேட்டவர்கள் நம்பி நின்றார்களாம். தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் வந்தன. தரையோடு தரையாக, சக்கர நாற்காலியே ஏறலாம். அவர் அதற்கு முந்தைய வருஷம் போனார்.

இப்போது லஸ் முழுக்கத் தகரத் தடுப்பு. மயிலாப்பூருக்கு அடியில் மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் போகிற பாதையும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற பாதையும் திருமயிலையில் சந்திக்கும். அது வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வெந்துபோய் வீடு திரும்புகிற ஊர் அது. என் ஏக்கத்துக்காக யாரும் படியில் தொங்க வேண்டாம். என் மகள் அதில் போவாள், அடையாறில் சொன்ன நேரத்துக்கு இறங்குவாள். ஆற்றை எங்கே தாண்டினோம் என்று அவளுக்குச் சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டிசம்பரில் போகிறேன். 5பி ஓடுகிறதா என்று தங்கையிடம் விசாரித்தேன். ஓடுகிறதாம், வேலை நடக்கிற இடங்களில் சுற்றிவிடுகிறார்களாம். தி.நகருக்கு அதில்தான் போக வேண்டும், குளத்துப் பக்கமாகப் போய்க் காத்திருக்கலாம், கூட்டமாக வந்தால் விட்டுவிடலாம் என்றெல்லாம் சொல்லி வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எதுக்குக்கா அலையணும்? நான் கார் எடுத்துட்டு வரேன்" என்றாள்.